லண்டன் அண்ணையின் ஆட்சேபணைகள்

எங்கள் தெருவில் லண்டன் அண்ணை எதிர்க்காத பொருள் ஒன்று இருந்தால், அது இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்று அர்த்தம். மழையை எதிர்த்து மட்டும் அவர் இதுவரை கடிதம் போடவில்லை. முகவரி கிடைக்காததுதான் காரணம் என்பாள் என் மனைவி வதனி.

கனடாவில், ரொறன்ரோவின் ஓரத்திலுள்ள ஸ்காபரோவில் எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, இங்கிலாந்தில் இருபத்தெட்டு வருடம் இருந்து, மனைவி காலமான பிறகு மகன் கூப்பிட்டு இங்கே வந்தவர். வந்த மறு வருடமே மகனுக்குக் கல்கரியில் வேலை கிடைத்தது. அவன் போய்விட்டான். வீடும் லண்டன் அண்ணையும் மிஞ்சினார்கள். உண்மையில் அவர் இருந்தது லண்டனே இல்லை, அங்கிருந்து ரயிலில் மூன்று மணித்தியாலம் தள்ளியுள்ள ஏதோ ஓர் ஊர். ஒருமுறை வாய் சும்மா இராமல் அதைச் சொல்லிக் காட்டினேன்.

"தம்பி, நீர் ஸ்காபரோவிலை இருந்துகொண்டு ஊரிலை கேக்கிற ஆக்களுக்கு ரொறன்ரோ எண்டுதானே சொல்லுறீர்?"

அதோடு அந்தக் கதையை விட்டுவிட்டேன்.

ஆள் கனடாவுக்கு வந்து பதினொரு வருடம். அவருடைய அரசியல் மட்டும் இன்னும் விமானம் ஏறவில்லை. புதன்கிழமை காலை ஏழு மணிக்கு, அங்கே மத்தியானம், பிரித்தானியப் பாராளுமன்றத்தில் கேள்வி நேரம் தொடங்கும். இங்கே எங்கள் பிள்ளைகள் பாலில் சீரியல் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அடுத்த வீட்டிலிருந்து, "கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லு! சுத்தாதை!" என்று சத்தம் வரும். இந்தப் பக்கத்துக்கு ஒரு ஏச்சு, அந்தப் பக்கத்துக்கு ஒரு ஏச்சு. என் மகள் ஆரணிக்குப் பத்து வயது. கனடாப் பிரதமரின் பெயரை விட இங்கிலாந்துப் பிரதமரின் பெயரைத்தான் அவள் முதலில் பாடமாக்கினாள். அதுவும் வசவோடு சேர்த்து.

"நீங்கள் எந்தக் கட்சியண்ணை?" என்று கேட்டேன்.

"நான் கேள்வி கேக்கிற பக்கம்."

"அவை ஆட்சிக்கு வந்திட்டினம் எண்டால்?"

"உடனை மற்றப் பக்கம் மாறிடுவன். அதுதானே கொள்கை."

இங்கே தேர்தல் வந்தபோது ஒரு வேட்பாளர் தெரியாத்தனமாக அவர் வீட்டு மணியை அடித்துவிட்டார். லண்டன் அண்ணை உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, கட்சி அறிக்கையைத் திறந்து வைத்து முதல் பக்கத்திலிருந்து கேள்வி கேட்கத் தொடங்கினார். ஒன்றே முக்கால் மணித்தியாலம் கழித்து வெளியே வந்த அந்த மனிதர் தன் சொந்த வாக்கைத் தனக்கே போடுவாரா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. அதற்குப் பிறகு மூன்று கட்சிக்காரரும் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம், அந்த வீட்டைத் தாண்டி நடந்ததுதான்.

பிள்ளை வளர்ப்பிலும் அவருக்குத் தீர்மானமான கருத்துகள் உண்டு. ஏழரைக்குப் படுக்கை, சாப்பாட்டு மேசையில் போன் இல்லை, கை நீட்டக்கூடாது, கத்தக்கூடாது. குழப்படி செய்தால் மாடிப்படியின் கீழ்ப்படியில் பேசாமல் இருத்தவேண்டும்.

"வயசு எத்தினையோ அத்தினை நிமிஷம். நாலு வயசெண்டால் நாலு நிமிஷம். உதுதான் இங்கிலாந்து முறை, பிள்ளை," என்று வதனிக்கு வகுப்பு எடுத்தார்.

நாங்களும் பின்பற்றினோம். ஒரு புதன்கிழமை அவர் எங்கள் வீட்டிலிருந்தே கேள்வி நேரம் பார்க்க நேர்ந்தது. பிரதமர் ஏதோ மழுப்பினார். லண்டன் அண்ணை அச்சிலேற்ற முடியாத ஒரு சொல்லைச் சொன்னார். ஆரணி எழும்பி நின்று படியைக் காட்டினாள்.

"அங்கிள், பாட் வேர்ட். ஸ்ரெப்புக்குப் போங்கோ."

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. எழும்பிப் போய்ப் படியில் இருந்தார். அவருக்கு அப்போது வயது அறுபத்தேழு. அறுபத்தேழு நிமிடமும் இருந்தார். நான் வேலைக்குப் போக அவரைக் கடந்துதான் இறங்கினேன். வதனி தேத்தண்ணி நீட்டியபோது, "தண்டனை நேரத்திலை தேத்தண்ணி இல்லை, பிள்ளை," என்று கையைக் காட்டி மறுத்துவிட்டாராம்.

ஆனால் அவருடைய உண்மையான சாம்ராச்சியம் கட்டட அனுமதிதான். யாராவது வீட்டைப் பெருப்பிக்க விண்ணப்பித்தால் நகரசபைச் சிற்றிக்காரர் வாசலில் ஓர் அறிவித்தல் பலகை நடுவார்கள். அதை நாங்கள் பார்க்காமல் போவோம். லண்டன் அண்ணை மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்று வாசிப்பார். மூன்றாம் நாள் ஆட்சேபணைக் கடிதம் போகும். கோயில் கார் நிறுத்துமிடத்தைப் பெருப்பிக்கக் கேட்டபோது எதிர்த்தார். அடுத்த வெள்ளிக்கிழமை அதே கோயிலில் பொங்கலுக்கு வரிசையில் நின்றார். ஐயர் முறைத்தார். "எதிர்ப்பு தார் ரோட்டுக்கு, ஐயா. சாமிக்கில்லை," என்று தொன்னையை நீட்டினார்.

இப்படிப்பட்டவருக்குப் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு நாங்களும் ஓர் அறை கட்ட வேண்டி வந்தது.

வதனியின் அப்பா, என் மாமா, எங்களோடுதான் இருக்கிறார். எழுபத்தெட்டு வயது. முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு மாடி ஏற முடியவில்லை. குளிக்க, கழிக்க இருந்த ஒரே வொஷ்றூம் மேலே. ஹோல் சோபாவில் படுத்து, இருந்தபடியே ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி ஏறி, அதேபோல் இறங்குவார். யாராவது பார்த்தால் ஏதோ விழுந்ததைத் தேடுவதுபோலப் பாவனை செய்வார். அதைப் பார்க்க எங்களுக்குத் தாங்காது. எங்கள் வீட்டுக்கும் லண்டன் அண்ணை வீட்டுக்கும் நடுவில், எங்கள் பக்கம் கார் விடும், சுவரில்லாத கொட்டகை இருந்தது. அதை வொஷ்றூமோடு ஓர் அறையாக்க விண்ணப்பித்தோம். எல்லைக்குக் கிட்ட வருவதால் சிற்றிக் குழுவின் விசாரணை தேவை. பலகை நட்டார்கள். மூன்றாம் நாள் கதவு தட்டப்பட்டது. லண்டன் அண்ணை நின்றார், ஒரு கையில் கடிதத்தின் பிரதி, மற்றக் கையில் அவரே சுட்ட தேசிக்காய்க் கேக்.

"தம்பி, நான் உம்மை எதிர்க்கப் போறன். முதல்லை உம்மட்டைச் சொல்லுறதுதானே முறை."

"ஏனண்ணை?"

"நான் சமைக்கிற குசினி ஜன்னல் மறையும். இருபது வருஷம் ஒரு ஜன்னலுக்கு வெளிச்சம் வந்தால் அதை ஒருத்தரும் மறைக்கேலாது. இங்கிலாந்துச் சட்டம்."

"இது கனடா அண்ணை. நீங்கள் வந்தும் பதினொரு வருஷம்தானே."

"அதாலைதான் இன்னும் ஒன்பது வருஷம் பொறுக்கச் சொல்லுறன்."

சோபாவில் இருந்த மாமா தலையைத் தூக்கினார். "ஒன்பது வருஷம் பொறுத்தால் எனக்கு அறை தேவைப்படாது, லண்டன். என்ரை படத்துக்குச் சுவரிலை ஒரு ஆணி காணும்."

லண்டன் அண்ணையின் முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது. ஆனாலும் கடிதத்தைத் திருப்பி வாங்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கேக்கைத் தொடவே மாட்டேன் என்று சபதம் எடுத்தேன். பின்னேரம் வரைக்கும் காப்பாற்றினேன்.

விசாரணை கணினி வழியாக. அன்று காலை பார்த்து அவர் வீட்டு இன்ரநெற் படுத்துவிட்டது. கோட், ரை கட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, மன்னிக்கவேணும். உம்மை எதிர்க்கிறதுக்கு உம்முடைய வைபையை ஒருக்காத் தருவீரோ?"

எனக்கு வாயில் வந்ததைச் சொல்லியிருந்தால் நானும் படியில்தான் இருந்திருப்பேன். வதனி கதிரை போட்டாள். ஒரே மடிக்கணினிக்கு முன்னால் விண்ணப்பதாரியான நான், பக்கத்தில் ஆட்சேபணைக்காரர், பின்னால் சோபாவில் பிரச்சினைக்குரிய முழங்கால், அதற்குப் பக்கத்தில் பள்ளி விடுமுறையில் நின்ற ஆரணி. குழுத் தலைவி எங்களை ஒரே கட்டத்துக்குள் பார்த்துவிட்டு, நீங்கள் இருவரும் ஒரே தரப்பா என்று இரண்டு தரம் கேட்டார்.

லண்டன் அண்ணை எழும்பி நின்று பேசினார். கமெராவில் அவருடைய வயிறும் ரையும் மட்டும் தெரிந்தன. முடிந்ததும் தலைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்த ஜன்னல் எந்தத் திசை பார்த்தது?

"வடக்கு."

அப்படியானால் அதற்குள் எவ்வளவு வெயில் வருகிறது?

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியாத மனுசன். "வெயில் வாறேல்லை," என்றார்.

பிறகு எந்த வெளிச்சம் மறையும் என்கிறீர்கள்?

லண்டன் அண்ணை ரையைத் தளர்த்தினார். பிறகு மெல்லக் கதிரையில் இருந்தார். கணினியைப் பார்க்காமல் வதனியைப் பார்த்து, தமிழில் சொன்னார்.

"உங்கட குசினி லைற். விடிய அஞ்சரைக்கு இந்தப் பிள்ளை போடும். மாரியிலை எழும்பினால் வீடெல்லாம் ஒரே இருட்டு. அந்த லைற்றைக் கண்டாப் பிறகுதான் நான் தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போடுவன்."

தலைவி மொழிபெயர்க்கச் சொன்னார். ஆரணிதான் ஆங்கிலத்தில் சொன்னாள், ஒரு சொல்லும் விடாமல். எனக்கிருந்த கோபம் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

மாமா பின்னாலிருந்து சத்தம் போட்டார். "மருமகன், அறையை ஆறடி குறையுங்கோ. ஒரு கட்டிலும் வொஷ்றூமும் காணும். நான் என்ன அதுக்குள்ளை கிரிக்கெற்றே விளையாடப் போறன்?"

அவருடைய குசினி ஜன்னலுக்கு நேரான பக்கத்தை விட்டு, கொட்டகையின் பின்பாதியில் மட்டும் கட்ட அங்கேயே ஒப்புக்கொண்டேன். குழு அனுமதி தந்தது. அனுமதி சொன்ன அடுத்த நிமிடம் லண்டன் அண்ணை கையை உயர்த்தினார். முடிவில் தனக்குப் பூரண திருப்தி என்றும், ஆனால் கொள்கையளவில் தன் ஆட்சேபணையை அப்படியே பதிவில் வைத்திருக்கும்படியும் கேட்டுக்கொண்டார்.

இப்போது மாமா புது அறையில் கௌரவமாக இருக்கிறார். புதன்கிழமைகளில் இருவரும் அதற்குள் இருந்து சேர்ந்து ஏசுகிறார்கள். வதனிக்கு வேலை நேரம் மாறி, விடிய எழும்பத் தேவையில்லாமல் போனது. அதனால் அஞ்சரைக்கு நான் இறங்கிப் போய்க் குசினி லைற்றைப் போட்டுவிட்டு, திரும்பி வந்து படுப்பேன். போன தை மாதம் ஒரு நாள் அயர்ந்துவிட்டேன். எட்டு மணிக்குத் தபால்பெட்டியில் கடிதம் இருந்தது. இன்று காலை வெளிச்சம் வழங்கப்படாதது குறித்து ஆழ்ந்த கவலையுடன் ஆட்சேபிப்பதாக எழுதி, கையொப்பமும் வைத்திருந்தார்.

ஆரணி அதை வாசித்துவிட்டு, படியைக் காட்டினாள். எனக்கு நாற்பத்தாறு வயது. போய் இருந்தேன். அந்த மனுசன் கேத்திலும் போடாமல், எங்கள் ஜன்னலைப் பார்த்தபடி இருட்டுக்குள் நின்றிருப்பார் என்று நினைக்க, நாற்பத்தாறு நிமிடம் எனக்குப் போதாது போலிருந்தது.