தலைமையாசிரியர் ஏழையான கதை

சர்வதேசப் பரீட்சை தன் பள்ளிக்கூடத்துக்கு வருகிறது என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து தலைமையாசிரியருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பல நாட்டுப் பிள்ளைகளும் எழுதுகிற பரீட்சை. பதினைந்து வயதுப் பிள்ளைகளில் சிலரைக் குலுக்கிப் போட்டு எடுத்தார்கள். அதில் அவருடைய மகளும் மாட்டிக்கொண்டாள்.

"உலகமே பார்க்கப் போகுது. கோட்டை விட்டீங்கன்னா உங்களைக் கண்காணாத இடத்துக்குத் தூக்கிடுவேன்" என்று கல்வி அதிகாரி வேறு போனில் உறுமியிருந்தார். அன்றிலிருந்து மனிதர் போன் மணி அடித்தாலே எழுந்து நின்றார்.

போதாக்குறைக்குக் கணக்கு வாத்தியார் வந்து பற்றவைத்தார்.

"வீட்டைப் பத்தியும் கேப்பாங்க சார். தனி ரூம் இருக்கா, மேஜை இருக்கா, புத்தகம் எவ்வளவு, டிவி இருக்கா..."

"எதுக்குய்யா? டிவியா பரீட்சை எழுதப் போகுது?"

"வசதியில்லாத வீட்டுப் பிள்ளை நல்லா எழுதினா, பெருமை பள்ளிக்கூடத்துக்கு. வசதியான வீடுன்னா, அது வீட்டால வந்த மார்க்குன்னு கழிச்சுடுவாங்க."

தலைமையாசிரியர் வீட்டுக்கு ஓடினார். ஆபீஸ் ரூம் என்று அவர் பெயர் சூட்டியிருந்த அறையில் பெரிய டிவி, கம்ப்யூட்டர், மேஜை, திறக்காத புத்தகங்கள், சாய்வு நாற்காலி எல்லாம் ராஜா மாதிரி இருந்தன. ஆபீஸ் வேலை என்றால் பெரும்பாலும் குறட்டை. மகள் சமையலறை ஓரத்தில், துணி தேய்க்கிற பலகை மேல் நோட்டை விரித்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

"எது கேட்டாலும் இல்லைன்னு எழுதிடும்மா" என்றார் அவளிடம்.

மனைவி நர்ஸ். யார் பதறினாலும் பதறாதவள்.

"ஹெட்மாஸ்டரே பொய் எழுதச் சொல்றீங்களா?"

"பொய்யில்ல. அடக்கம்."

"வீட்டுக்கு வந்து பார்த்தாங்கன்னா?"

இதை அவர் யோசிக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"வருவாங்களா?"

"யாரு கண்டா? உலகமே பார்க்குதுன்னு நீங்கதானே சொல்றீங்க."

"ஐயையோ! இப்ப என்ன பண்றது?"

"இல்லைன்னு எழுதணும்னா இல்லாம இருக்கணும். அவ்வளவுதானே?"

மறுநாளே அவள் தம்பி வேனோடு வந்து நின்றான். டிவி போனது. கம்ப்யூட்டர் போனது. மேஜையும் புத்தகங்களும் போயின. சாய்வு நாற்காலியைத் தூக்கும்போது மனிதர் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"நாற்காலியைப் பத்திக் கேள்வியே கிடையாதுடி!"

"பார்த்தாலே வசதி தெரியுதுங்க. இந்த ஊர்ல உங்க வேலை முக்கியமா, இது முக்கியமா?"

பிடி தளர்ந்தது. அதன் பிறகு தினமும் தரையில் உட்கார்ந்து, டிவி இருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கமில்லை. கண்ணை மூடினால் கல்வி அதிகாரி வந்தார்.

பரீட்சை நடந்து முடிந்தது. நடத்த வந்த அம்மாளை வாசல் வரை துரத்திக்கொண்டு போனார்.

"எங்க பள்ளிக்கூடத்துக்கு மார்க் எப்ப மேடம் வரும்? வீட்டைப் பார்க்க எப்ப வருவீங்க?"

"பள்ளிக்கூடத்துக்குன்னு தனியா மார்க் கிடையாது சார். நாட்டுக்கு மொத்தமாத்தான். உங்க பள்ளிக்கூடத்துப் பேரைக்கூட வெளியில சொல்ல மாட்டோம். வீட்டுக்கெல்லாம் யாரும் வரவும் மாட்டோம்."

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே! பெற்றோர் சம்மதம் கேட்டு வீட்டுக்குப் போன் பண்ணப்பவே உங்க மிஸஸ்கிட்ட விவரமா சொன்னேன். அவங்க ரொம்ப ஆர்வமா கேட்டுக்கிட்டாங்க."

மாற்றல் தப்பியது என்ற நிம்மதியில் அவருக்குக் கண் கலங்கியது. பாதி வழியில் அது கோபமாகிவிட்டது. வீட்டில் ஆபீஸ் ரூம் கதவு சாத்தியிருந்தது. இடுக்கு வழியாகப் பார்த்தார். வேனில் போன மேஜை மட்டும் திரும்பி வந்திருந்தது, புது விளக்கோடு.

"எல்லாம் தெரிஞ்சுமா சும்மா இருந்தே?" என்று மனைவியைப் பார்த்துக் கத்தினார். "பயத்துல நான் செத்துப் பிழைச்சேனே!"

"சொல்லியிருந்தா காலி பண்ணியிருப்பீங்களா? கத்தாதீங்க. பிள்ளை அவ ரூம்ல படிச்சிட்டிருக்கா."