சர்வேயர் பார்த்த பள்ளிக்கூடங்கள்

கப்பலின் வயிற்றையும் பால்குடி மறக்காத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் ஒரே டார்ச் லைட்டை அடித்துப் பரிசோதித்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் தூத்துக்குடியில் எங்கள் எதிர் வீட்டில் இருக்கிறார். அவருக்கும் ஒரு பெயர் உண்டு, ரேஷன் கார்டில் இருக்கும். தெருவுக்கு அவர் சர்வேயர். தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

சர்வேயர் என்றதும் சங்கிலி பிடித்து நிலம் அளக்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். இவர் துறைமுகத்தில் சரக்கு சர்வேயராக இருந்தவர். நிலக்கரி கொண்டுவந்து இறக்கிய கப்பலில் அடுத்து உப்பு ஏற்ற வேண்டுமென்றால், சரக்கு நிரப்பும் அந்தக் கிணறு போன்ற அறைக்குள் ஒருவர் ஏணி வழியாக இறங்கிப் பார்க்க வேண்டும். கறை இருக்கிறதா, ஈரம் இருக்கிறதா, நாற்றம், பூச்சி இருக்கிறதா என்று மூலை மூலையாக டார்ச் அடித்து, சுவரை வெள்ளைத் துணியால் துடைத்து, 'ஃபிட்' அல்லது 'அன்ஃபிட்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் அன்ஃபிட் என்று எழுதிவிட்டால் அவ்வளவு பெரிய கப்பலும் கைகட்டி நிற்கும். முப்பது வருஷம் இதைச் செய்துவிட்டு ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றது அவர்தான், அவருடைய மூக்கு அல்ல.

கல்யாண வீட்டுக்குப் போனால் மணமக்களைப் பார்ப்பதற்கு முன்னால் சமையல்கட்டைப் பார்ப்பார். ஆஸ்பத்திரியில் சொந்தக்காரரை நலம் விசாரிக்கப் போய், கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்து, நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தவர். இதைப் பற்றி அவர் மனைவியிடம் ஒருமுறை கேட்டேன்.

"நீ வேற ஏளா," என்றார் அக்கா. "என்னையப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே எங்க வீட்டு அரிசிப் பானையத் தொறந்து மோந்து பாத்த மனுசன். எங்கய்யா அன்னைக்கே யோசிச்சிருக்கணும்."

இந்த மனிதரிடம் நான் வந்து சேர்ந்தது என் மகளால்.

ஆதிரைக்கு அப்போது மூன்று வயது நிறைய மூன்று மாதம் இருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா இல்லை, அப்பா இல்லை, ஒன்றுமில்லை. காது நன்றாகக் கேட்கிறது, சொன்னதெல்லாம் புரிகிறது, வாரம் ஒரு நாள் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிவாருங்கள், மற்ற பிள்ளைகளோடு பழக விடுங்கள் என்றார் டாக்டர். என் கணவருக்குக் கப்பலில் வேலை. கரைக்கு வர இன்னும் ஏழு மாதம் இருந்தது. நான் துறைமுகச் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஆபீஸில் காகிதம் எழுதுகிறவள். சாகுபுரத்திலிருந்து வந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த என் அம்மா, அண்ணிக்குப் பிரசவம் என்று அந்த மாதக் கடைசியில் கிளம்ப வேண்டியிருந்தது. அதற்குள் காலையில் விட்டுச் சாயங்காலம் கூப்பிட்டு வருகிற மாதிரி ஒரு பிளே ஸ்கூல் பார்த்தாக வேண்டும்.

பள்ளிக்கூடத்துக்கா பஞ்சம்? தெருவுக்கு இரண்டு இருக்கிறது. எனக்கு இருந்த பயம் வேறு. மற்ற பிள்ளைகள் வீட்டுக்கு வந்து, மிஸ் அடித்தாள், பக்கத்தில் இருந்தவன் கிள்ளினான், எனக்குத் தண்ணி தரவில்லை என்று சொல்லும். என் மகளுக்கு அங்கே என்ன நடந்தாலும் எனக்குத் தெரியாது. அதை நினைத்தால் ராத்திரி சோறு இறங்கவில்லை. ஒரு நாள் காலையில் அக்காவிடம் இதைச் சொல்லி வாசலிலேயே அழுதுவிட்டேன். உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த சர்வேயர் எழுந்து வந்தார்.

"சரக்கு பேசாது தாயி," என்றார். "எங்கன நனைஞ்சது, எவன் போட்டு ஒடச்சான்னு அது வாயத் தொறந்து சொல்லாது. அதுக்குத்தான் சர்வேயர்னு ஒருத்தன வச்சிருக்கான்."

பெற்ற பிள்ளையைச் சரக்கு என்கிறாரே என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, கையில் டார்ச், பையில் வெள்ளைக் கைக்குட்டை, கக்கத்தில் நோட்டுடன் என் ஸ்கூட்டி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். விரட்ட மனசு வரவில்லை.

முதல் பள்ளியில் மேடம் என்னை உட்கார வைத்துப் பாடத்திட்டத்தை விளக்க ஆரம்பித்தார். திரும்பிப் பார்த்தால் சர்வேயர் தரையில் முட்டி போட்டுத் தவழ்ந்துகொண்டிருக்கிறார்.

"சார், என்ன பண்றீங்க?"

"சின்னவ உசரத்துல இருந்து பாக்கேன். நீங்க சொல்லுங்க, காது இங்கனதான் இருக்கு."

அப்படியே தவழ்ந்து கழிப்பறைக்குள் போனார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே தட்டுகிற சத்தம். ஒரு பிள்ளை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டால் திறக்க முடியுமா என்று சோதிக்கப் போனவர், தானே மாட்டிக்கொண்டார். வாட்ச்மேன் ஸ்குரூ டிரைவரோடு வந்து அரை மணி நேரம் போராடினார். உள்ளேயிருந்து குரல் மட்டும் கணீரென்று வந்தது.

"தாயி, எழுதிக்கோ! கொண்டி உள்ள இறுகுது! அன்ஃபிட்!"

இரண்டாவது பள்ளியில் சிரிக்க ஒன்றுமில்லை. அங்கே இருந்த மேடம் ஆதிரையின் முகத்துக்கு நேராகக் குனிந்து, "வாட் இஸ் யுவர் நேம்?" என்று நாலு தடவை கேட்டார். அவள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பேச ஆரம்பிச்சதும் கூட்டிட்டு வாங்க. இவளைப் பார்த்து மத்த பிள்ளைகளும் பேசாமப் போயிட்டா பேரன்ட்ஸ் எங்களைத்தான் கேட்பாங்க," என்றார். தண்ணீர் டிரம்மை முகர்ந்துகொண்டிருந்த சர்வேயர் நிமிர்ந்தார். நோட்டைத் திறந்து, கார்பன் வைத்து, மூன்று பிரதி எழுதினார். கப்பல் கேப்டன் தவறு செய்தால் சர்வேயர் கொடுக்கிற ஆட்சேபக் கடிதமாம் அது. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் சீலும் வேண்டும் என்று நின்றார். கல்வி ஆபீஸிலிருந்து வந்தவர் என்று பயந்து அந்த அம்மாள் மூன்றிலும் சீல் குத்திக் கொடுத்தார். ஒரு பிரதி இன்றும் என் பீரோவில் இருக்கிறது.

மூன்றாவதாகப் பார்த்தது கண்ணாடிக் கதவுப் பள்ளி. எதிர் டீக்கடையில் இரண்டு நாள் உட்கார்ந்து நோட்டம் விட்டார். பிள்ளை பிடிக்கிறவன் என்று சந்தேகப்பட்டு நாலு தாய்மார்கள் சூழ்ந்துகொள்ள, பழைய துறைமுக பாஸைக் காட்டித் தப்பித்தார். பிறகு உள்ளே போனோம். தரை பளிங்கு. நாற்றம் இல்லை. மேஜைக்கு அடியில், ஜன்னல் இடுக்கில், செருப்பு வைக்கிற தட்டில் எல்லாம் துடைத்துப் பார்த்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது.

"முப்பது வருசத்துல இப்படி நாலு கப்பல்தான் பாத்திருக்கேன்," என்றார். குரலே மாறிவிட்டது. அங்கேயே நின்று 'ஃபிட்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நானும் சேர்த்துவிட்டேன்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நான் அவளைக் கூட்டிக்கொண்டு வரும்போது எங்கள் கேட் பக்கத்தில் நிற்பார். "காட்டு சின்னவ," என்பார். ஆதிரை ரொம்பப் பொறுப்பாக இரண்டு உள்ளங்கையையும் நீட்டுவாள். டார்ச் அடித்துப் பார்ப்பார். முழங்கை, முட்டி, பாதம், காதின் பின்பக்கம். நோட்டில் எழுதிக்கொண்டு போய்விடுவார். எனக்கு நிம்மதியாக இருந்தது. சோறும் இறங்கியது.

பதினோராம் நாள் வீட்டுக்குள் வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"தாயி, சர்ட்டிபிகேட்ட ரத்து பண்ணுதேன்."

"ஏன் அண்ணாச்சி, அடிச்சிருக்காவளா? எங்கயும் காயம் பாத்தீயளா?"

"ஒரு கீறல் இல்ல. அதான் சொல்லுதேன்."

நோட்டைப் பிரித்து என் முன்னால் வைத்தார். பத்து நாளுக்கும் ஒரே வரிதான் இருந்தது. கை சுத்தம், கால் சுத்தம், ரிப்பன் குலையவில்லை.

"காலையில நீ கட்டிவிட்ட ரிப்பன் சாயங்காலமும் அப்படியே இருக்கு. ஏத்துனது ஏத்துன மாதிரியே எறங்குது. சரக்கு அப்படித்தான் வரணும். பிள்ள அப்படி வரலாமா? இன்னைக்கு அந்தக் கண்ணாடி வழியா எட்டிப் பாத்தேன். பிள்ளைக எல்லாம் மடியில கைய வச்சுக்கிட்டு டிவி பாத்துக்கிட்டிருக்கு. சின்னவ ஓரத்துல ஒரு நாக்காலியில இருக்கா. தொந்தரவு பண்ணாத பிள்ளைன்னு ஒருத்தரும் திரும்பிக்கூடப் பாக்கல. காலிக் கப்பலப் பாக்க மாதிரி நான் பள்ளிக்கூடத்தப் பாத்துட்டேன் தாயி. தப்பு என் பேர்ல."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து கேட்டதே இல்லை என்று அக்கா பிற்பாடு சொன்னார். அந்த ராத்திரி அவர் சாப்பிடவில்லையாம்.

அம்மா கிளம்ப நாலு நாள்தான் இருந்தது. மறுநாளிலிருந்தே சர்வேயர் தன் பழைய மொபெட்டில் ஊரைச் சல்லடை போட்டுச் சலித்தார். மூன்றாம் நாள் மத்தியானம் ஆபீஸுக்கே போன் செய்தார். "தாயி, ஒரே இரைச்சலா ஒரு எடம் இருக்கு. வா."

தருவைகுளம் போகிற சாலையில் ஒரு ஓட்டுக் கட்டடம், முன்னால் வேம்பு, நிறைய மணல். பெரும்பாலும் கடலுக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். குழாய் ஒழுகி மணலில் ஓட, மூன்று உருப்படிகள் அதில் உட்கார்ந்து குழைத்துக்கொண்டிருந்தன. சர்வேயர் சுவரைத் துடைத்தார், கைக்குட்டை கறுப்பானது. கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாளே இல்லை. "அதுவும் நல்லதுக்குத்தான்," என்று முணுமுணுத்தார். நோட்டில் வரிக்கு வரி அன்ஃபிட் என்று எழுதிக்கொண்டே வந்து, கடைசியில் ஃபிட் என்று முடித்தார்.

நடத்துகிறவர் மெர்சி டீச்சர். இடுப்பில் ஒரு பிள்ளையும் முந்தானையைப் பிடித்தபடி இன்னொன்றுமாக வந்தார். பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன்.

"அது வரும்போது வரட்டும். என்னத்த இஷ்டமாத் தின்பா? பயந்தா எங்க போய் ஒளிவா? அதச் சொல்லுங்கம்மா," என்றார். இத்தனை பள்ளிகள் ஏறி இறங்கியும் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

முதல் நாள் ஆதிரை கதறிய கதறல் உப்பளம் வரை கேட்டிருக்கும். கண்ணாடிக் கதவுப் பள்ளியில் ஒரு பொட்டுக் கண்ணீர் விடாதவள். நான் திரும்ப ஓடப் போனேன். சர்வேயர் குறுக்கே நின்றார்.

"அங்கன ஒரு நா அழுதாளா?"

"இல்ல அண்ணாச்சி."

"அழுதா யாராச்சும் வருவாவன்னு தோணுனாத்தான் பிள்ள அழும். அங்க பாரு."

மெர்சி டீச்சர் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு குழாயடிக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் அழுதுகொண்டேதான் ஆபீஸுக்குப் போனேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அதன்பிறகு சர்வேயரின் நோட்டுக்கு வேலை வந்தது. சாயங்காலம் எங்கள் கேட்டருகே நின்று சத்தமாகப் படிப்பார். "ரெண்டு காதுலயும் மணல். எடது மணிக்கட்டுல பல் தடம், ஆழமில்ல. ஒரு காலுல நம்ம செருப்பு, மத்த காலுல அடுத்தவன் செருப்பு." ரிப்பன் ஒரு நாளும் திரும்பி வரவில்லை. எல்லாம் வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கப்பலிலிருந்து என் கணவர் போன் செய்வார். "ஏதாச்சும் சொன்னாளா?" என்பார். "இன்னும் இல்ல," என்பேன். ஆடி போய் ஐப்பசியும் வந்துவிட்டது.

ஒரு சாயங்காலம் மழை விட்டிருந்தது. முழங்கால் வரை சேறோடு ஆதிரை ஸ்கூட்டியிலிருந்து இறங்கினாள். வலது கையை இறுக்கி மூடியிருந்தாள். உள்ளே என்னவோ இருந்தது.

"காட்டு சின்னவ," என்றார் சர்வேயர், டார்ச்சைத் தட்டியபடி.

அவள் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"போலே!" என்றாள்.

தெரு அப்படியே நின்றுவிட்டது. எழுபதை நெருங்குகிற மனிதரை, கேப்டன்கள் எழுந்து நின்று கைகொடுத்த மனிதரை, 'போடா' என்று ஒரு வாண்டு விரட்டிய சொல் அது. எதிர் வாசலில் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு அவளை அதட்டுவதா கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. சர்வேயர் அப்படியே எங்கள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சொன்ன? இன்னொரு மட்டம் சொல்லு."

"போலே!"

"இன்னும் ஒரு மட்டம் தாயி."

கை கால் ஆட்டி, முழுத் தொண்டையில் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்த வெள்ளைக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நெடுநேரம் துடைத்தார். பிறகு நோட்டை என்னிடம் நீட்டினார்.

"எழுதலையா அண்ணாச்சி?"

"இனி நான் என்னத்த எழுத? அடிச்சா, கிள்ளுனா, இனிமே அவளே சொல்லிக்கிடுவா."

நடுக்கடலில் இருந்த என் கணவருக்கு அன்றைக்கே போன் கிடைத்தது. மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிள்ளையின் முதல் வார்த்தை அதுதான் என்பதில் எங்கள் இருவருக்கும் இன்றுவரை ஒரு குறையும் இல்லை.

மறுநாள் சாயங்காலம் எங்கள் கேட் பக்கத்தில் யாரும் இல்லை. சர்வேயருக்கு உடம்புக்கு என்னவோ என்று பதறி அக்காவைக் கேட்டேன்.

"உடம்புக்கு என்ன? கல்லு மாதிரி இருக்காவ. வேல முடிஞ்சா கப்பல்ல நிக்கக் கூடாதாம்ளா. சன்னல் வழியா உங்க வீட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காவ."

ஆதிரை யாரும் கேட்காமலே இரண்டு உள்ளங்கையையும் விரித்து நீட்டியபடி நின்றாள். நான் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். அவராக இனி வரமாட்டார். நாங்கள்தான் தினமும் போகிறோம்.