ஆயிரத்து எண்ணூற்று நாற்பதாவது கையெழுத்து

இன்றைக்கு ஒரு கள்ளக் கையெழுத்துகூடத் தன் கண்ணுக்குத் தப்பக் கூடாது என்று வெர்லின் ஹாஸ்கெட் காலையில் முகம் மழிக்கும்போதே முடிவு கட்டிவிட்டார். மனிதர் சாமானியர் அல்ல. ஒரிகன் மாநிலத்து ஃபெர்ன்டன் ஊர்த் தேர்தல் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக மனுக்களில் உள்ள கையெழுத்துகளைச் சரிபார்ப்பவர். ஒரு வளைவு கூடினால் தள்ளுபடி. ஒரு புள்ளி குறைந்தால் தள்ளுபடி.

இந்த முறை வயிற்றெரிச்சலும் சேர்ந்துகொண்டது. பக்கத்து வீட்டு டோலரஸ், பெட்ரோலில் ஓடி ஊரையே எழுப்பும் இலை ஊதி இயந்திரங்களை ஊருக்குள் தடை செய்யச் சொல்லி மனு கிளப்பியிருந்தாள். செல்லுபடியாகும் கையெழுத்து ஆயிரத்து எண்ணூற்று நாற்பது சேர்ந்தால் தடை வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி நவம்பர் வாக்குச்சீட்டில் ஏறிவிடும். ஏறினால் ஊரே ஆமோதிக்கும். வெர்லினுக்கோ, சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஊதியை முதுகில் மாட்டி வாசலில் கிடக்கும் மேப்பிள் இலைகளை விரட்டுவதுதான் வாழ்க்கையில் மிச்சமிருந்த ஒரே அதிகாரம். வீட்டுக்குள் மற்றதெல்லாம் மனைவி மார்வாவின் ஆட்சி.

"அந்த மனுல நீ கையெழுத்துப் போடலைதானே?" என்று சாப்பிடும்போது கேட்டார்.

"நான் என்னிக்கு உங்க பேச்சை மீறியிருக்கேன்?" என்றாள் மார்வா. தட்டில் இன்னொரு பான்கேக்கும் வைத்தாள். அவர் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

மாலை நாலரை. ஐந்து மணிக்குள் முடிவை அறிவித்தாக வேண்டும். அதுவரை தேறியவை ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தெட்டு. வெர்லின் மேஜையில் பாக்கி ஒன்று, எதிர் மேஜை ஜோலீனிடம் ஒன்று. இரண்டும் தேறினால்தான் மனு பிழைக்கும். ஒன்றைச் சாய்த்தால் போதும்!

தாளைத் திருப்பினார். மார்வா ஹாஸ்கெட். தூக்கிவாரிப் போட்டது.

அவளுடைய வாக்காளர் பதிவு அட்டையைத் திரையில் திறந்தார். இரண்டு கையெழுத்துக்கும் ஸ்நானப் பிராப்திகூட இல்லை. குஷியாகத் தள்ளுபடிப் பொத்தானுக்குப் போன விரல் பாதியில் நின்றது. அட்டையில் இருந்த கையெழுத்தின் முடிவில் நீளமாக ஒரு வால். அந்த வாலை அவருக்குத் தெரியும். அது அவருடைய வால்.

பத்தொன்பது வருடத்துக்கு முன், பதிவுக்குக் கடைசி நாளன்று மார்வா அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் அட்டையில் இவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். தள்ளுபடியானதெல்லாம் அட்டையோடு மேலதிகாரி டாலிவர் மேடத்திடம் போகும். அந்த அம்மாள் வெர்லினின் வாலைத் தினமும் வருகைப் பதிவேட்டில் பார்ப்பவள். வேலை போகும். ஜெயில்கூட வரலாம்.

கழிவறைக்கு ஓடி வீட்டுக்குப் போன் போட்டார்.

"மார்வா! மனுல இருக்கறது உன் கையெழுத்தா?"

"ஆமா, என் சொந்தக் கையெழுத்து. நல்லாருக்கா?"

"அட்டையோட ஒத்துப்போகலடி!"

"எப்படிங்க போகும்? அட்டைல இருக்கறது உங்க கைவரிசையாச்சே."

"உனக்கு... தெரியுமா?"

"தெரியாமலா ஒவ்வொரு தேர்தலுக்கும் தபால் ஓட்டுக் கவர்மேல உங்க எழுத்தையே பார்த்துப் பார்த்துப் போட்டேன்? நீங்க மாட்டிக்கக் கூடாதேன்னு பத்தொன்பது வருஷமா பழகின கைங்க இது."

"இப்ப மட்டும் ஏண்டி இப்படி?"

"சனிக்கிழமையாவது எட்டு மணி வரைக்கும் தூங்கணும்னு ஆசை. தள்ளுபடி பண்றதுன்னா பண்ணுங்க. ராத்திரிக்கு மீட்லோஃப் பண்ணட்டுமா, இல்ல வக்கீலுக்குச் சொல்லட்டுமா?"

நாலு ஐம்பது. மேஜைக்குத் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு 'செல்லும்' என்று அழுத்தினார். ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தொன்பது. இன்னும் ஒன்று குறைகிறது! ஜோலீனின் பாக்கிக் கையெழுத்து விழுந்தால் ஊதி பிழைக்கும். ஊரில் உள்ள சாமிகளையெல்லாம் கும்பிட்டார்.

டாலிவர் மேடம் ஒரு தாளோடு நேராக அவரிடமே வந்தாள். பின்னால் ஜோலீன், வாயெல்லாம் பல்.

"ஏன் வெர்லின், எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஊழியர் கையெழுத்தை அவங்களே பார்க்கக் கூடாதுன்னு விதி. அதான் ஜோலீன் பார்த்தா. அச்சு அசல், வால் உட்பட!"

தாளில் வெர்லின் ஹாஸ்கெட் என்று அவருடைய கையெழுத்து. அவருக்கே சந்தேகம் வராத கையெழுத்து.

"மேடம், இது நான்..."

"நீங்க போடலையா?" மேடத்தின் கண் இடுங்கியது. "அப்போ உங்க எழுத்தை இவ்வளவு சுத்தமா எழுதப் பழகினவங்க யாரு?"

அலுவலகமே நிமிர்ந்து பார்த்தது. கடிகாரம் ஐந்தைத் தொட்டது.

"நான்தான் போட்டேன் மேடம்" என்றார் வெர்லின்.

"ஊருக்காகச் சொந்த ஊதியையே தியாகம் பண்ணியிருக்காரே!" என்று மேடம் கைதட்ட, எல்லோரும் எழுந்து தட்டினார்கள். வெர்லினும் எழுந்து நின்று நன்றி சொன்னார்.