தூக்குப்போசியில் போன ஜாதகங்கள்

கோயம்புத்தூர்ப் பக்கம் தொண்ணூறுகளின் நடுவில் தாலி கட்டிக்கொண்டவர்களில் பாதிப் பேர், தங்களுக்கே தெரியாமல் ஒரு எவர்சில்வர் தூக்குப்போசிக்குள், அதாவது தூக்குவாளிக்குள், உட்கார்ந்து டவுன் பஸ்ஸில் பயணம் செய்தவர்கள். அந்தப் போசியைத் தூக்கிக்கொண்டு அலைந்தவரின் நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. எல்லோருக்கும் அவர் போசியண்ணன். அவரைப் போல என்னை வயிறெரிய வைத்த மனிதர் இன்றுவரை பிறக்கவில்லை.

அப்போது நான் ஒரு திருமணத் தகவல் மையத்தில் கம்ப்யூட்டர் ஆள். தலைமை அலுவலகம் உக்கடத்தில். கிளைகள் பெரியநாயக்கன்பாளையத்திலும் மதுக்கரையிலும். மூன்று இடத்திலும் ஒவ்வொரு கம்ப்யூட்டர், ஒவ்வொன்றிலும் வரன்களின் பட்டியல். ஒரு கிளையில் பெண்ணுக்கு நிச்சயமாகிவிட்டால் மற்ற இரண்டு இடத்துக்கும் அது உடனே தெரிய வேண்டும். தெரியாவிட்டால், நிச்சயமான பெண்ணைப் பார்க்க இன்னொரு குடும்பம் பூவும் பழமுமாகப் போய் நிற்கும்.

இந்தச் சேதியைச் சுமந்தவர்தான் போசியண்ணன். கிளைகளிலிருந்து பட்டியல் பதிந்த பிளாப்பி டிஸ்க்குகளை வாங்கி, வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி, தூக்குப்போசியில் வைத்து மூடி, உக்கடத்துக்குக் கொண்டுவருவார். நான் மூன்றையும் ஒன்றாக்கித் தருவேன். திரும்பக் கொண்டுபோவார். மதியச் சாப்பாட்டை மட்டும் செய்தித்தாளில் பொட்டலம் கட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். பஸ்ஸில் எஞ்சின் பக்கம் உட்கார மாட்டார். உள்ளே பொண்ணு மாப்பிள்ளை எல்லாம் இருக்கிறார்கள், சூடு ஆகாது என்று கண்டக்டரிடம் சொல்வார். கண்டக்டர் யாரையாவது எழுப்பிவிட்டு இடம் போட்டுக் கொடுப்பார். கம்ப்யூட்டர் படித்த நான் அதே பஸ்ஸில் படியில் தொங்கிக்கொண்டு போவேன்.

கம்ப்யூட்டர்களை அவர் அது, இது என்று சொல்லிக் கேட்டதில்லை. எல்லாம் மரியாதைதான். "பாளையத்துக்காரரு இன்னிக்கு எந்திரிக்கவே நேரமாச்சுங்க" என்பார். இரண்டு கிளைகளில் ஒரே பெண்ணைப் பற்றி இரண்டு விதமாக எழுதியிருந்தால், எது சரி என்று என் புரோகிராமைக் கேட்க மாட்டார். "ஒரெட்டு பொண்ணூட்டுக்கே போய்க் கேட்டுப்போட்டு வாரனுங்க" என்று கிளம்பிவிடுவார். சாயங்காலம் பதிலோடும், அந்த வீட்டு இளநீரோடும் வருவார்.

கல்யாணப் பத்திரிகை எல்லாம் அவருக்குத்தான். ஒருமுறை என் பெயருக்கே ஓர் உறை வந்தது. ஆசையோடு பிரித்தால், உள்ளே இருந்த பத்திரிகையைப் போசியண்ணனிடம் சேர்த்துவிடுமாறு ஒரு சீட்டு. முதலாளியம்மா காப்பி கொடுத்தனுப்பினாலும் முதல் டம்ளர் அவருக்கு. நான் வெறும் 'கம்ப்யூட்டர் தம்பி'.

பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. மூன்று இடத்துக்கும் மோடம் வாங்கவைத்தேன். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு உக்கடத்துக் கம்ப்யூட்டர் கிளைகளுக்குப் போன் போட்டு, கீச்சென்று கத்திவிட்டு, பட்டியலைச் சரிபார்த்துக்கொள்ளும். ஒரே ஆளைப் பற்றி இரண்டு தகவல் இருந்தால், எதன் தேதி பிந்தியதோ அதுவே செல்லும். பழையது அழிந்துவிடும். இதை நான் முதலாளியம்மா முன்னால் பெருமையாக விளக்கியபோது போசியண்ணன் ஒன்றே ஒன்று கேட்டார்.

"கடைசியாச் சொன்னவங்க சொல்றதுதான் நெசங்களா தம்பி?"

சயின்ஸ் அப்படித்தான் என்று சொல்லிவிட்டேன். வரன்களின் போட்டோக்களை ஃபைலில் ஒட்டும் வேலைக்கு அவரை மாற்றினார்கள். அன்று இரண்டு காப்பி குடித்தேன்.

ஆனால் மனிதர் விடவில்லை. மத்தியானம் ஒட்டும் வேலையை முடித்துவிட்டு, பஸ் பாஸ் சும்மா கிடக்கிறது என்று சொல்லி, தூக்குப்போசியோடு கிளைகளுக்குப் போய் வழக்கம் போல ஆளுக்கொரு பிளாப்பி வாங்கி வந்தார். அதை யாரும் கேட்கவில்லை. வீட்டில் அடுக்கி வைத்துக்கொண்டார். நான் சிரித்தேன்.

ஒரு திங்கட்கிழமை என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, மதுக்கரைக்காரருக்கு மனசு செரியில்லீங்க. காத்தால எந்திரிச்சா எம்பதாம் வருசம், சனவரி ஒண்ணுன்னு சொல்றாருங்க."

எனக்கு அது என்னவென்று புரிந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்தால் அதற்குத் தேதி மறந்து 1980-க்குப் போய்விடும். அன்று கிளையில் எழுதுவதெல்லாம் என் புரோகிராமின் கண்ணுக்குப் பதினைந்து வருஷப் பழசு. உண்மையில், பாதி புரிந்தது. ஆனால் அதைச் சொன்னது அவர். அவர் சொல்லி நான் கேட்பதா என்று, "நான் பாத்துக்கறேன், போங்கண்ணா" என்றேன். பார்க்கவில்லை.

அந்த வாரம் முழுக்க மதுக்கரையில் 'நிச்சயமானது' என்று எழுதியதை எல்லாம் சாயங்காலம் ஐந்து மணிக்கு என் மோடம் ஒழுங்காக அழித்தது.

ஞாயிற்றுக்கிழமை வெடித்தது. மதுக்கரையில் நிச்சயமான ஒரு பெண் வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் புடவை எடுப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியநாயக்கன்பாளையம் கிளை கொடுத்த விலாசத்தோடு இன்னொரு மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். வேறு ஊராக இருந்தால் அந்த நிமிஷமே சண்டை வந்திருக்கும். இது எங்கள் ஊர். வந்தவர்களை 'யாருங்க நீங்க' என்று எப்படிக் கேட்பது? வாங்க, உக்காருங்க என்று பாய் விரித்துக் காப்பி கொடுத்துவிட்டார்கள். இரண்டு மாப்பிள்ளை வீட்டாரும் எதிரில் இருப்பவர்கள் பெண்ணின் சொந்தம் என்று நினைத்து, மழை, மாடு, மோட்டார் என்று முக்கால் மணி நேரம் நலம் விசாரித்திருக்கிறார்கள். புது ஆட்கள் பெண்ணைக் கூப்பிடச் சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது.

நிச்சயம் செய்த மாப்பிள்ளையின் அப்பா எழுந்துவிட்டார். எங்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வேறு இடமும் பார்க்கிறீர்களா என்று ஒரே பேச்சு, கல்யாணத்தை நிறுத்திவிட்டுக் கிளம்பிவிட்டார். மறுநாள் பெண்ணின் அப்பா உக்கடத்துக்கு வந்து நின்றார். கத்தவில்லை. தன் மகள் ராத்திரியிலிருந்து சாப்பிடவில்லை என்று மட்டும் சொன்னார். நான் மூன்று கம்ப்யூட்டரிலும் தேடினேன். மூன்றும் ஒற்றுமையாக, அந்தப் பெண்ணுக்கு வரன் தேடுவதாகவே சொல்லின. மூன்றையும் ஒரே மாதிரி பொய் சொல்ல வைத்த பெருமை என்னுடையது.

போசியண்ணன் வீட்டுக்குப் போய் தூக்குப்போசியோடு வந்தார். துணியைப் பிரித்தார். மதுக்கரையின் ஆறு நாள் பிளாப்பிகள், மோடம் கை வைப்பதற்கு முன் மத்தியானம் எடுத்தவை. அழிந்த நிச்சயங்கள் அத்தனையும் அதில் இருந்தன. நான் பதினோரு பக்கம் அச்செடுத்துக்கொண்டு அவரோடு மாப்பிள்ளை வீட்டுக்கு ஓடினேன். மாப்பிள்ளையின் அப்பா என் காகிதத்தை வாங்கவே இல்லை.

போசியண்ணன் ஒரு பிளாப்பியை இரண்டு கையாலும் நீட்டினார். "உங்க சம்மந்தி பேச்சு மாறுலீங்க. நிச்சயம்னு அன்னிக்கே எழுதச் சொல்லிப்போட்டாருங்க. இதுல இருக்குதுங்க."

மாப்பிள்ளையின் அப்பா அந்தக் கறுப்புச் சதுரத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். எதைப் படித்தாரோ தெரியாது. தலையாட்டினார். கல்யாணம் நின்ற இடத்திலிருந்து நடந்தது.

திரும்பி வந்ததும் தப்பு யாருடையது என்று முதலாளியம்மா கேட்டார். நான் வாய் திறக்குமுன் போசியண்ணன் முந்திக்கொண்டார். "தேதி கெட்டதைத் தம்பிகிட்டச் சொல்ல மறந்துபோட்டனுங்க, என்ற தப்புத்தானுங்க."

எனக்கு வந்ததே கோபம். காப்பி அவருக்கு, பத்திரிகை அவருக்கு, ஊர் மரியாதை அவருக்கு. நான் கஷ்டப்பட்டுச் செய்த தப்பையாவது எனக்கு விட்டு வைக்கக் கூடாதா? "பொய்ங்கம்மா. அவர் சொன்னார். பொறாமையில நாந்தான் கேக்கல" என்று கத்திவிட்டேன். முதலாளியம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மோடமும் ஓடட்டும், போசியும் ஓடட்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்று காப்பி வந்தபோது போசியண்ணன் முதல் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். அதிலும் அவரே ஜெயித்தார்.

என் கல்யாணத்திலும் முதல் வரிசை நடு நாற்காலியில் அவர்தான், மடியில் தூக்குப்போசியோடு. அந்த நாற்காலியைப் போடச் சொன்னது நான்.

இப்போது நான் வேலை பார்க்கும் இடத்தில் நாலு ஊர்க் கம்ப்யூட்டர்கள் நொடிக்கு நொடி ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்கின்றன. யாரும் எதையும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. ஆனாலும் தினமும் காலையில், பக்கத்து நாற்காலியில் ஆள் இல்லையென்று உறுதி செய்துகொண்டு, திரைக்குப் பக்கத்தில் குனிந்து மெதுவாகக் கேட்டுவிடுகிறேன்: "இன்னிக்கு என்ன தேதிங்க?"