காட்டேரிக்கு வைத்த கண்ணாடி

சிவப்பணுக்களோடு ஆயுளைக் கழித்தவன் நான். ரத்தச் சோகையைப் பற்றி நான் பேசினால் பெரிய டாக்டர்களே வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள். (வீட்டில் யாரும் கேட்பதில்லை.) ஆனால் ஒரு மேலதிகாரிக்கு நான் முதன்முதலில் காட்டிய ரத்தம் கோழியுடையது.

ஜப்பான்காரன் காலம். மலாயாவில் போர்டிக்சன் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் டிரசர், அதாவது கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் உதவியாளன். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள், போனவர்கள் திரும்பவில்லை. பால்வெட்டுக்காரர் மாரியின் பெயரும் பட்டியலில் வந்துவிட்டது. அவர் ரத்தத்தில் மலேரியாக் கிருமியைக் காட்டினால் விட்டுவிடுவார்கள். அவர் தங்கை அஞ்சலை மேல் எனக்கு ஒரு கண் இருந்ததால், இது எனக்கும் உயிர்ப் பிரச்சினை.

அவருக்குச் சாயங்காலம்தான் காய்ச்சல் ஏறும். மைக்ராஸ்கோப்புக்கோ பகல் வெளிச்சம் வேண்டும். விரலைக் குத்தி, மைக்ராஸ்கோப்பில் வைக்கும் கண்ணாடித் துண்டில் ரத்தம் தடவிக் காயவைத்து, அறையைப் பூட்டிவிட்டுப் போனேன். காலையில் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. துடைத்த தடம்கூட இல்லை. மறுநாளும் அப்படியே. மாரியின் முகமும் வெளுத்துக்கொண்டே வந்தது. குடிப்பது கண்ணாடியிலிருந்து மட்டும்தானா என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ரத்தக் காட்டேரி வேலை என்றாள் அஞ்சலை. வருஷா வருஷம் காட்டேரிக்குக் கோழி காவு கொடுக்கும் பூசை யுத்தத்தால் நின்றுபோயிருந்தது. ஒளித்து வளர்த்த கடைசிக் கோழியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"அது நக்குன கண்ணாடியிலயே தடவி வையுங்க, டிரசரய்யா. அண்ணன் ரத்தத்த விட்டுரும்."

விஞ்ஞானம் படித்த நான் என்ன செய்தேன்? கோழியை அறுத்து, சூடம் ஏற்றி, மாரியின் பெயர் ஒட்டிய கண்ணாடியில் பயபக்தியோடு தடவி வைத்தேன்.

மறுநாள் எனக்கு முன்பே, சயாமுக்குப் போகிறவர்களைச் சோதிக்கும் ஜப்பான் டாக்டர் வந்துவிட்டார். கிருமி தெரிவதற்காக அந்தக் கண்ணாடிக்கே சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தார். முதல் தடவையாக ரத்தம் அப்படியே இருந்தது. வெகுநேரம் அவர் நிமிரவில்லை. பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார். வட்டமாக இருக்கவேண்டிய அணுக்கள் முட்டை முட்டையாக, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கரிய கண்ணோடு என்னையே பார்த்தன. (அந்த உட்கரு கோழியின் சிவப்பணுவுக்கு உண்டு, மனுஷனுடையதற்குக் கிடையாது.)

"ஓராங்?" என்றார், தெரிந்த மலாயில். மனுஷனா என்று கேட்கிறார்.

என் தலை தானாக ஆமென்று ஆடியது. அவர் மாரியை வரவழைத்து இமையை விரித்தார். உள்ளே வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. மற்றொரு கை வாள்பிடியில் இருந்தது. எனக்கு அறுத்த கோழியின் கழுத்து ஞாபகம் வந்தது. கடைசியில், கோழிகளைச் சயாமுக்கு அனுப்புவதில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். சிரிக்கவில்லை. இரங்கினாரா, பயந்தாரா என்று இன்றுவரை தெரியாது.

அந்தக் கரிய கண்கள்தான் என்னைச் சிவப்பணு ஆராய்ச்சிக்கு இழுத்துப் போயின. என் மைத்துனராகிவிட்ட மாரி, கிழவராகிச் சாகும்வரை 'கோழி மாரி'தான். நான் வேலை முடிந்து வந்தால், "இன்னிக்கு மனுஷனா, கோழியாப்பா?" என்பாள் மகள்.

காய்ந்த ரத்தத்தைக் கரப்பான்பூச்சி நக்கித் தின்னும் என்று பின்னால் படித்தேன். வீட்டுக்கு ஓடிவந்து பெருமையாக அறிவித்தேன். அஞ்சலை பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்:

"அப்ப அன்னிக்கு மட்டும் கரப்பான் ஏன் தொடல?"

இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பூசைக்கு வருஷா வருஷம் கோழி வாங்கி வருவது நான்தான்.