எஸ்எஸ்டிக்குப் பொட்டு வைத்த கல்யாணம்

ஒரு பொருளை வாங்கலாமா வேண்டாமா என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரிகிறவன் அதை ஏற்கெனவே வாங்கிவிட்டவன். பெட்டி மட்டும்தான் இன்னும் கடையில் இருக்கும். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. என்னைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

நான் வாங்க நினைத்தது வீடோ காரோ இல்லை, ஓர் எஸ்எஸ்டி. கம்ப்யூட்டருக்குள் படங்களும் வீடியோக்களும் குடியிருக்கிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவில் ஒரு சூயிங்கம் பட்டைதான். நான் கண் வைத்ததோ அந்தக் குடும்பத்திலேயே மூத்தது, வேகமானது. விலை ஒரு நல்ல ஐஸ்பெட்டியின் விலை. (இந்த ஒப்பீடு என் மனைவி தேவி சொன்னது. எங்கள் ஐஸ்பெட்டி அப்போது மேடேறும் லோரி மாதிரி உறுமிக்கொண்டிருந்தது.)

வாரநாட்களில் நான் ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பார்க்கிறவன். சனி ஞாயிறுகளில் கல்யாண வீடியோக்காரன். யாரிடமும் போய்ப் படித்ததில்லை. கேமராவை வாங்கி, தெரிந்தவர்கள் கல்யாணத்தையெல்லாம் கெடுத்துக் கெடுத்தே கற்றுக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ரெம்பியாவில் இருக்கிற சரோஜா அக்காவின் மகள் கவிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. காலையில் கோயிலில் தாலி, மாலையில் மண்டபத்தில் டின்னர். எங்கள் பக்கம் இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது. காலையில் நடந்ததை மாலைக்குள் வெட்டி, பாட்டுச் சேர்த்து, டின்னரில் பெரிய திரையில் போட்டுக் காட்ட வேண்டும். காலையில் நேரில் அழுதவர்கள் மாலையில் திரையைப் பார்த்து மறுபடியும் அழ வேண்டும். அழவில்லை என்றால் வீடியோ சரியில்லை.

மாப்பிள்ளை வீட்டார் கோலாலம்பூரிலிருந்து ஆள் வைக்கலாம் என்றார்கள். அக்கா அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து, "என்னத்துக்கு? என் தம்பி இருக்கான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். ஆக, அந்த மாலை திரையில் ஓடவேண்டியது கவிதாவின் கல்யாணம் மட்டுமில்லை, சம்பந்தி வீட்டில் அக்கா கொடுத்த வாக்கும்தான்.

என் பழைய டிஸ்க்கோ ஒரு துண்டு வீடியோவைத் திறப்பதற்குள், நான் கடைக்குப் போய் ஒரு தே தாரேக் குடித்துவிட்டுத் திரும்பி வரலாம். அதனால் கேட்க ஆரம்பித்தேன். முதலில் தேவியிடம்.

"உங்க கம்ப்யூட்டர் மெதுவா இல்லீங்க. ஒரு பாட்டு எடுக்க நீங்கதான் நாள் கணக்கா யோசிக்கிறீங்க. அதுக்கு எந்தக் கடையில டிரைவ் விக்கிறாங்க?" என்றாள்.

அத்தானிடம் கேட்டேன். அக்கா வீட்டுக்காரர் சிமெண்ட் லோரி ஓட்டுகிறவர், எதையும் ரோட்டில் வைத்துத்தான் பேசுவார். "பெரிய இஞ்சின் போட்டா லோரி பறக்கும் மச்சான், இல்லேன்னு சொல்லல. முன்னால சைக்கிள் போச்சுன்னா என்னா லா செய்வே?" என்றார். அந்தச் சைக்கிள் யார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. அந்த டிரைவைப் பற்றி இணையத்தில் வந்த வீடியோக்களையெல்லாம் பார்த்தேன். என் மதர்போர்டு பழசு, அதில் மாட்டினால் பாதி வேகத்தில்தான் ஓடும் என்பதும் தெரிந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே நிறுத்தியிருப்பார்கள். நான் நினைத்தேன்: பாதி வேகமே பழசைவிட எத்தனையோ மடங்கு. நாளைக்குப் போர்டையும் மாற்றத்தானே போகிறோம்? (இன்னும் மாற்றவில்லை.)

கடைக்குப் போனேன். நான் கண் வைத்திருந்ததன் பக்கத்திலேயே பாதி விலையில் இன்னொரு டிரைவ் இருந்தது. கடை முதலாளி தவுக்கே என் கம்ப்யூட்டரைப் பற்றி விசாரித்துவிட்டு, உனக்கு இதுவே போதும் என்று அதை எடுத்து வைத்தார். நல்ல மனுஷன். ஆனால் ஆசையோடு வந்து நிற்கிறவனிடம் 'போதும்' என்று சொல்லலாமா? அந்த ஒரு சொல்லுக்காகவே பெரியதை வாங்கினேன்.

முதல் நாள் சோதனையில் டிரைவ் பறந்தது. கவிதாவின் சின்ன வயசுப் படங்கள், பாட்டுகள், தலைப்பு எழுத்துகள், டின்னருக்காகச் சேர்த்து வைத்திருந்த எல்லாவற்றையும் அதில் போட்டேன். நகல் எடுக்கவில்லை, மொத்தமாக இடம் மாற்றினேன். பழைய டிஸ்க்கில் இனி எதற்கு?

கல்யாணத்துக்கு முந்தின நாள் தோரணம் கட்ட அக்கா வீட்டுக்குப் போனபோது, இதையெல்லாம் பெருமையாகச் சொன்னேன். அக்கா ஒன்றுதான் கேட்டாள்.

"பூசை போட்டியா?"

"கம்ப்யூட்டர் சாமான்க்கா அது."

"லோரிக்குப் போடுறோம். ரைஸ் குக்கருக்கே நான் பொட்டு வச்சேன். எம் மக கல்யாணத்துக்குன்னு வாங்கினதுக்கு வைக்க மாட்டியாடா?"

புக்கிட் பெருவாங்கில் என் வீட்டுக்குத் திரும்பியதும் முதல் வேலையாக டிரைவைக் கழற்றிச் சாமி மேடையில் வைத்தேன். தேவி சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். எங்கே வைப்பது? மேலே ஸ்டிக்கர். ஸ்டிக்கருக்கு ஏதாவது ஆனால் வாரண்டி கிடையாது என்று பெட்டியில் எழுதியிருந்தது. அடியில் எல்லாம் கறுப்புச் சில்லுகள். நல்ல காரியத்துக்குக் கறுப்பிலா பொட்டு வைப்பது? ஓரத்தில் மட்டும் பொன்னிறத்தில் பல் வரிசை மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. இதைவிட மங்களகரமான இடம் எங்கே கிடைக்கும்? வரிசை முழுக்கச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். (கற்பூரத்தை மட்டும் கொஞ்சம் தள்ளியே காட்டினேன். மின்சாதனம் என்றால் நான் அவ்வளவு கவனம்.)

காற்றாடியில் காயவைத்து மறுபடி மாட்டினேன். முன்பைவிட இறுக்கமாகப் போனது. சாமி இறங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். போட்டுப் பார்க்கவில்லை. பூசை போட்ட பிறகு சோதித்துப் பார்ப்பது மரியாதையில்லை அல்லவா?

மறுநாள் காலையில் தாலி நல்லபடியாக நடந்தது. கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, காரின் முன் இருக்கையில் வைத்து பெல்ட்டும் மாட்டி மண்டபத்துக்குக் கொண்டுபோனேன். தேவி பின்னால் உட்கார்ந்து வந்தாள். மணமகள் அறையில் ஒரு மூலையைப் பிடித்து மெஷின் சுவிட்சைத் தட்டினேன்.

டிரைவ் இல்லை.

மாட்டிய இடத்தில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் கம்ப்யூட்டர், அப்படி ஒருவர் நம் வீட்டில் இல்லையே என்கிறது. அணைத்து மறுபடி போட்டேன். பாயா ரும்புட் ரோட்டில் குலுங்கியதில் ஏதோ நகர்ந்துவிட்டது என்று முடிவு செய்து தட்டிக் கொடுத்தேன். கழற்றிப் பார்க்கலாம் என்றால் அந்தக் குட்டித் திருகுக்கான ஸ்க்ரூடிரைவர் வீட்டு மேசையில். சமையல்காரரிடம் வாங்கிய கத்தி அதற்குள் நுழையவில்லை. பட்டுவேட்டியோடு தரையில் உட்கார்ந்து, கல்யாண அழைப்பிதழால் ஒரு கம்ப்யூட்டருக்கு விசிறிக்கொண்டிருந்தவனைப் பார்த்துவிட்டு, மேக்கப் போட வந்த பெண் சத்தமில்லாமல் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குள் ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். அக்கா கதவைத் திறந்து, "ரெடியா தம்பி? சம்பந்தியம்மா கேக்கிறாங்க" என்றாள்.

"ரெடிக்கா" என்றேன். வேறு என்ன சொல்வது?

கையில் மிச்சம் இருந்தது கேமராவின் மெமரி கார்டு மட்டும். வெட்ட நேரமில்லை, பாட்டும் இல்லை. தாலி கட்டுகிற நீளமான துண்டு ஒன்றை அப்படியே எடுத்து மண்டபத்து ஆளிடம் கொடுத்தேன். சத்தத்தைக் கேட்டுப் பார்க்கவில்லை. படம் தெளிவாக இருந்தது, அது போதும் என்று நினைத்தேன்.

விளக்கை அணைத்தார்கள். திரையில் கவிதா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். நாதஸ்வரம் கேட்டது. நாதஸ்வரத்தைவிடப் பக்கத்தில் இன்னொரு குரல் கேட்டது. என் குரல்.

"இது சாதா டிரைவ் இல்ல அங்கிள். ஒரு நொடியில ஒரு கல்யாணத்தையே முழுங்கிடும்."

காலையில் கேமராவுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா நின்றிருந்தார். பாவம், என்ன வீடியோ எடுக்கிறீங்க என்று மரியாதைக்குக் கேட்டவர். திரையில் மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கினார். கெட்டி மேளம் ஏறியது. அதற்கு மேலே என் குரலும் ஏறியது.

"சூடே ஆகாது அங்கிள்! நாளைக்குப் போர்டு மாத்துனா இன்னும் ரெண்டு மடங்கு!"

அட்சதை பறந்தது. மேளம் அடங்கியது. அந்த அமைதியில் பெரியப்பாவின் குரல் நிதானமாகக் கேட்டது: "தாலி கட்டியாச்சா தம்பி? நான் பாக்கலியே."

 மண்டபத்தில் கூரை பறந்துவிடும்போல ஒரு சிரிப்பு. பெரியப்பாவே மேசையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். நான் தூணுக்குப் பின்னால் இருந்து அக்காவைத் தேடினேன். முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள், தோள் குலுங்கியது. அழுகிறாள், வாக்குப் போய்விட்டது என்று தூணோடு இன்னும் ஒட்டிக்கொண்டேன். சம்பந்தியம்மா அவள் கையை இழுத்து முந்தானையை விலக்கினார். அக்கா மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து 'வாங்க', 'சாப்பிடுங்க' என்று அளந்து பேசிக்கொண்டிருந்த இரண்டு சம்பந்திகளும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து கண்ணைத் துடைத்தார்கள். எப்படியோ, வழக்கப்படி எல்லார் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது.

மறுநாள் அக்கா வீட்டில் புதுத் தம்பதிக்கு விருந்து. கவிதா சின்ன வயசுப் படங்களைக் கேட்டாள். நான் மெஷினையும், மறக்காமல் ஸ்க்ரூடிரைவரையும் கொண்டுபோயிருந்தேன். எல்லாரும் சுற்றி நிற்க டிரைவை உருவினேன். கம்ப்யூட்டரைத் தொட்டுப் பேசவேண்டிய அந்தப் பொன்னிறப் பற்களின் மேல் சந்தனம் அடுப்பு மண் மாதிரி காய்ந்து இறுகியிருந்தது.

அக்கா குனிந்து பார்த்தாள்.

"பொட்டு வைடான்னு சொன்னேன். பல்லுலயா வைக்கச் சொன்னேன்?"

அத்தான்தான் முதலில் தெளிந்தார். "விடு சரோ. பல்லு வெளக்கிவிட்டா சரியாயிடும்."

கவிதா பஞ்சும் ஸ்பிரிட்டும் கொண்டுவந்தாள். துடைத்து, நன்றாகக் காயவைத்து மாட்டினேன். ஒன்றுமே நடக்காதது போல டிரைவ் வந்து நின்றது. ஒரு படம்கூடப் போகவில்லை.

இப்போதும் அதில்தான் வேலை செய்கிறேன். பாதி வேகத்தில் ஓடுகிறது. அதற்கு முன்னால் நான் இன்னும் ஒரு பாட்டுக்காக நாள் கணக்காக யோசித்துக்கொண்டு சைக்கிளில் போகிறேன். இந்த மாதிரி ஒன்று வாங்கலாமா என்று யாராவது என்னிடம் கேட்டால், சின்னது போதும் என்பதுதான் உண்மையான பதில். ஆனால் 'போதும்' என்று மட்டும் சொல்ல மாட்டேன். அந்தச் சொல் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

அந்த வீடியோவை வெட்டக் கவிதா விடவில்லை. ஒவ்வொரு கல்யாண நாளிலும் இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பார்க்கிறது. பெரியப்பாவின் வசனத்தை எல்லாரும் சேர்ந்தே சொல்கிறார்கள். யார் வீட்டில் எது புதிதாக வாங்கினாலும் சந்தனக் கிண்ணத்தை முதலில் என் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கிறார்கள்.

போன மாதம் கவிதாவின் மகனுக்கு முதல் பிறந்தநாள். கீழே அரிசி மாதிரி இரண்டு பல் முளைத்திருக்கிறது. ஆசீர்வாதம் செய்ய நான் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு குனிந்தேன்.   கவிதா சட்டென்று பிள்ளையின் வாயைக் கையால் மூடினாள்.