மாமனார் ஜீப்பைக் கடலில் கழுவிய கதை

மலைமேல் சின்னக்கானலில் வளர்ந்த எங்களுக்குத் தண்ணீர் என்றால் ஓடைதான். அது ஒரு பக்கமாகப் போகும். போனது திரும்பி வராது. கடல் அப்படி இல்லை என்பதை, கல்யாணமான புதிதில், மாமனாரின் ஜீப்பை வைத்துக் கற்றுக்கொண்டேன்.

அந்த ஜீப்தான் அவர் வீட்டுக்குச் சோறு. சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு எஸ்டேட் பக்கம் ஓட்டுவார். என்னை நம்பி அதைக் கொடுத்ததே பெரிய விஷயம்.

"பாத்து ஓட்டுங்க மாப்ள. அடுத்த வாரம் சவாரி இருக்கு" என்றார். (திட்டிக் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.)

நானும் என் மனைவி ஜெசியும் கன்னியாகுமரியில் தொடங்கிக் கடலோரமாகவே வடக்கே போனோம். முள்காட்டில் மயில், உப்பளத்தில் கூட்டமாக நாரைகள், ஊருக்கு ஊர் மீன் சாப்பாடு. மணப்பாடு சேரும்போது ஜீப் முழுக்கச் செம்மண். எங்கள் ஊரில் வண்டியை ஓடையில் இறக்கித்தான் கழுவுவோம். இங்கேயும் இறக்கினேன்.

"இதுலயா கழுவப் போறீங்க?" என்றாள் ஜெசி.

"முட்டளவு தண்ணிதான."

முட்டளவாகப் போன தண்ணீர் இடுப்பளவாகத் திரும்பி வந்தது. சீட்டெல்லாம் நனைந்து, சக்கரம் நான்கும் மணலில் இறங்கின. ஃபோர் வீல் போட்டேன். இன்னும் நன்றாக இறங்கின. பக்கத்தில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள், மீனைக் கரை சேர்த்துவிட்டு, அடுத்து என்னை இழுத்தார்கள்.

"எந்த ஊரு தம்பி?" என்று ஒருவர் கேட்டார். சொன்னேன்.

"அதான்" என்றார்.

மெக்கானிக் ஒருவர் எஞ்சினுக்கு உயிர் கொடுத்தார். நான் வெளிப்பக்கத்தை மட்டும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தேன். "அப்பாட்ட சொல்லிருவோம்" என்றாள் ஜெசி. "சவாரி முடியட்டும்" என்றேன். ஊர் திரும்பியதும் மாமனார் ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, "நம்ம வண்டியா இது?" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலையில் வாசலில் ஜீப் இல்லை. கீழே தேயிலைக்குள் சாய்ந்து கிடந்தது. தார்ப்பாய் கிழிந்து, சீட் வெளியே வந்து, சுற்றிலும் யானைத் தடம். யானைக்கு உப்பு என்றால் உயிர். எங்கள் ஊரில் யாரும் வண்டியில் உப்பு மூட்டையை விட்டுவிட்டுத் தூங்க மாட்டார்கள். நான் வண்டியையே உப்பு மூட்டையாக்கி நிறுத்தியிருந்தேன்.

மாமனார் குனிந்து, சீட்டுக்கு அடியில் விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"எந்தக் கடலு மாப்ள?"

"மணப்பாடு, மாமா."

அந்த வாரச் சவாரி வேறொருவருக்குப் போனது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விருந்தில் தலை நிமிராமல் சாப்பிட்டேன். குழம்பில் உப்புக் குறைவு. வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

மாமனார் வாசல் பக்கம் திரும்பிச் சொன்னார்: "மொதல்ல ஜீப்ப ஷெட்டுல ஏத்துங்க. அப்பறம் மாப்ளைக்கு உப்பு வைங்க."

இன்றுவரை அந்த வீட்டில் நான் உப்புக் கேட்பதில்லை. அப்படியும் யாராவது ஒருவர், நான் சாப்பிட உட்கார்ந்ததும் எழுந்துபோய் ஷெட்டைப் பார்த்துவிட்டு வருகிறார்.